டாக்டரோட கா

இந்த பிளாஸ்க்குல காப்பி இல்லக்கா, ஐஸ்கட்டி. கொஞ்சம் காலத் தள்ளி வச்சுக்கிடுங்க. மூடி சரியாப் பூட்டாது, ஒழுகி ஒங்க சேலையில பட்டா பொறவு என்னையத்தான் வைவிய. ஜங்சன்ல ஒரு ஜூஸ்கடையில கெஞ்சி வாங்கிப் போட்டுட்டு வாறேன். நான் தேவர்குளம் தாண்டி கல்லூரணிக்கு ரோடு பிரியுத விலக்குல இறங்கணும். நீங்க சங்கரன்கோயிலா? அப்ப நேரம் கெடக்கு.

ஒரு பிள்ளையப் பாக்கப் போறேன். ஆறு வயசு, பேரு இசக்கிவர்ஷினி. எம்பிள்ள இல்ல, எனக்குக் கல்யாணமே ஆகல, அதக் கேக்காதிய, அது வேற கத. சொந்தக்காரப் பிள்ளையும் இல்ல. அவகிட்டப் போயி ஒரே ஒரு வார்த்த சொல்லணும். அந்த ஒத்த வார்த்தைய வச்சு ஒரு பெரிய டாக்டருக்கு நான் தண்ணி காட்டியிருக்கேன்க்கா. வயலட்டுன்னா யாருன்னு அந்த ஆளு சாவுற மட்டும் மறக்க மாட்டாரு.

வயலட்டு நாந்தான். பாளையங்கோட்ட. எம்.எஸ்ஸி. படிச்சிருக்கேன், அதையும் சொல்லிருதேன், ஏன்னா அந்த ஆளு சபையில வச்சு என்னைய என்னன்னு சொன்னாருன்னு பொறவு கேப்பிய.

பிள்ளைகளுக்குன்னே ஒரு ஆசுபத்திரி, பேரு வேண்டாம், அதுல நான் ட்ரையல் கோ-ஆர்டினேட்டரா இருந்தேன். புது மருந்து கடைக்கு வாறதுக்கு முன்னால அது பிள்ளைகளுக்குக் கேக்குதா, ஒத்துக்கிடுதான்னு குடுத்துப் பாக்கணும்லா? முந்தியெல்லாம் பெரியாளு மாத்திரைய ரெண்டா ஒடச்சு பிள்ளைக்குக் குடுத்துருவாவ. பிள்ள என்ன பெரியாளுல பாதியா? அது தனி உடம்புக்கா. அதுக்குத்தான் ட்ரையல்.

மூஞ்சியச் சுளிக்காதிய. சோதன எலின்னுதான நெனைக்கிய. எல்லாரும் மொதல்ல அப்படித்தான் நெனைப்பாவ. ஒரு பிள்ளையச் சேக்கணும்னா தாய் தகப்பன்கிட்ட ஒண்ணு விடாமச் சொல்லணும், அவிய சரின்னு சொல்லுதத வீடியோ எடுக்கணும். பிள்ளைக்கு வெவரம் தெரியுற வயசுன்னா பிள்ளகிட்டயும் கேக்கணும். வேண்டாம்னு பிள்ள தலைய ஆட்டிட்டா அதோட முடிஞ்சுபோச்சு. அமுக்கிப் புடிச்சு வாயில ஊத்துறது, மூக்குல குழாய் போடுறது, அந்தச் சோலியே கெடையாது. நர்சுமாரு அத்தன பேருக்கும் அத மண்டையில ஏத்துனது நாந்தான். பிள்ளை வேண்டாம்னா வேண்டாம். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

வீடியோன்னதும் தாய்மாரெல்லாம் பட்டுச்சேல கட்டி, பூ வச்சு, பவுடர் போட்டுட்டு வந்துருவாவ. எந்த சேனல்ல போடுவிய மேடம்னு கேப்பாவ. இசக்கியோட அம்மா செல்வமாரி இருக்காளே, பீடி சுத்துதவ, அவ கல்யாணச் சேலையோட வந்தா. காமெராவப் பாத்து, "எம்பிள்ளைக்கு வெட்டு வருது, மூணு மருந்து குடுத்தும் கேக்கல, இந்த மருந்தயும் பாத்துருதோம்"னு சொல்லிட்டு வணக்கம் போட்டா. எனக்குச் சிரிப்பு தாங்கல.

வெட்டுன்னா வலிப்புக்கா. பிள்ள நின்னது நின்னபடி விழுவா. பள்ளிக்கூடத்துல சேக்கமாட்டேன்னுட்டாவ. நெத்தி பூரா தையல். இந்த சிரப்பு ஆரம்பிச்ச பொறவு வலிப்பு கொறஞ்சு கொறஞ்சு, பிள்ள சீருட போட்டு ஒண்ணாங்கிளாஸ் போச்சு. செல்வமாரி எங்கையப் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டா. டாக்டர் கைய இல்ல, எங்கைய.

ஏன்னா எல்லாச் சோலியும் நான்தான் பாக்கது. டாக்டர் ஆவுடையப்பன் கையெழுத்துப் போடுவாரு, பிள்ளையோட கன்னத்தத் தட்டுவாரு. பஸ்ஸுக்குச் சொல்லி வைக்கது, ரத்தத்த ஐஸ்ல வச்சு அனுப்புதது, கோயில் கொடையா கல்யாணமா எதுன்னாலும் மருந்து நேரத்துக்குப் போன் போட்டு நச்சரிக்கது, எல்லாம் நான். எங்கேயாவது சடங்கு வீட்டுல கறிச்சோறு தின்னுக்கிட்டு இருப்பாவ, நான் கூப்பிட்டு "மருந்து குடுத்தாச்சா"ன்னு கேப்பேன். அதுக்கே என்னைய அவிய ஊருல மருந்துக்காரின்னு சொல்லுவாவளாம்.

இந்த மருந்துல ஒரு சனியன் என்னன்னா, கசப்பு. கசப்புன்னா வேப்பெண்ண எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. நான் குடிச்சுப் பாக்கல, அது கூடாது. சரி, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன், மறுநா வரைக்கும் சாப்பாடு எறங்கல. பிள்ளைக துப்பும், ஓடி ஒளியும், கடிக்கும். மத்த ஊருல இதே ட்ரையல் நடந்த ஆசுபத்திரியில எல்லாம் பிள்ளைக கூட்டங் கூட்டமா பாதியிலயே விலகிருச்சு. எங்ககிட்ட ஒண்ணுகூட விலகல. ஏன்? நாந்தான் காரணம்.

ஒருநா மத்தியானம் வாசல்ல குச்சி ஐஸ் வாங்கித் தின்னுக்கிட்டே ஒரு பிள்ளையோட மருந்தக் கையில எடுத்தேன். என் நாக்கு மரத்துப் போயிருந்துச்சு. அப்பத்தான் தோணுச்சு, பிள்ள நாக்கையும் மரக்க வச்சுட்டா என்னன்னு. டாக்டர்கிட்டக் கேட்டேன், குடுக்கலாம்னாரு, அவ்வளவுதான் அவரு பங்கு. மருந்துக்கு முன்னால ஒரு ஐஸ்கட்டி, சப்பணும், நாக்கு மரக்கணும், மருந்து, மறுபடி ஒரு ஐஸ்கட்டி. பிள்ளைக வரிசையில நின்னு வாயத் தொறந்துச்சு. வீட்டுல பிரிஜ் இல்லாத பிள்ளைகளுக்கு நானே பிளாஸ்க் வாங்கிக் குடுத்து, ஊருல எந்தக் கடையில ஐஸ் கெடைக்கும்னு விசாரிச்சு வச்சேன்.

அது மேல வரைக்கும் போயிருச்சு. மருந்து செய்யுத வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஆச்சரியப்பட்டு, சென்னையில பெரிய ஓட்டல்ல மீட்டிங் போட்டான். அத்தன ஊரு டாக்டருமாரும் வந்திருக்காவ. என்னையும் கூட்டிட்டுப் போனாரு ஆவுடையப்பன். நான் புதுச்சேல எடுத்தேன், அக்கா. மேடைக்குக் கூப்புடுவாருன்னு நெனச்சு ரெண்டு வரி இங்கிலீசுல பேசக்கூடப் படிச்சு வச்சிருந்தேன்.

மேடைக்குக் கூப்பிடத்தான் செஞ்சாரு. எதுக்கு? பிளாஸ்க்கப் புடிக்க. "அந்த பிளாஸ்க்கப் புடிச்சுட்டு இப்படி ஓரமா நில்லும்மா"ன்னாரு. நான் கல்யாண வீட்டுல பன்னீர்ச் சொம்பு புடிக்கிறவ மாதிரி நிக்கேன், அவரு பேசுதாரு, "நாங்க எங்க சென்டர்ல ஒரு முறையக் கண்டுபிடிச்சோம்"னு. கம்பெனிக்காரன் கை தட்டி, இனிமே இத எல்லா நாட்டுலயும் 'ஆவுடை முறை'ன்னு சொல்லுவோம்னுட்டான். யாரோ ஒரு டாக்டரம்மா கேட்டா, இந்த யோசன எப்படி வந்துச்சுன்னு. அதுக்கு அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே, "எங்க ஆசுபத்திரியில வேல பாக்கற பொண்ணு ஒண்ணு ஐஸ் தின்னுக்கிட்டு இருந்துச்சு"ன்னாரு. பொண்ணு ஒண்ணு. பேரு இல்ல. பக்கத்துல பிளாஸ்க்கோட நிக்கேன், கையக் காட்டிச் சொல்லியிருக்கலாம்லா?

ஊரான் வீட்டு நெய்யே, எம்பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாவ. எனக்கு வயிறு எரிஞ்சுச்சுக்கா. திரும்பி வாற ரயில்ல அவரு, "நல்லாப் போச்சுல்ல வயலட்?"னு கேட்டு எனக்கு வட வாங்கிக் குடுத்தாரு. நான் தின்னேன். தின்னுக்கிட்டே முடிவு பண்ணேன். இந்தா, காலடியில இருக்கே, இதே பிளாஸ்க்குதான்.

கொஞ்சநாள் கழிச்சு கம்பெனியிலயிருந்து படம் எடுக்க வாறேன்னாவ. டாக்டர் பிள்ளைக்கு ஐஸ் குடுத்து மருந்து குடுக்கதக் காமெராவுல எடுத்து ஊரு ஒலகமெல்லாம் காட்டப் போறாவளாம். ஆவுடையப்பன் என்னையக் கூப்பிட்டு, "வயலட், சமத்தா வாயத் தொறக்கற பிள்ளையா ஒண்ணப் பாரு"ன்னாரு. பாத்தேன். இசக்கிய விட சமத்து யாரு? அவ டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிற பிள்ள. அதுமட்டும் இல்ல, எம்மேல உசிரு. வந்தா எம்மடியிலதான் உக்காருவா, வயலட்டுன்னு சொல்ல வராது, வயலுன்னுவா. நான் சொன்னா நெருப்புலயும் குதிப்பா. வேற பிள்ளையா இருந்தா காமெரா முன்னால பயந்து ஒளறிரும். இவ ஒளற மாட்டா.

படம் எடுக்கதுக்கு மொத நாளு அவள வெளையாட்டு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். "ஏட்டி, நான் டாக்டர் மாமாவோட கா விட்டுட்டேன், நீ யாரு பக்கம்?"னேன். கா தெரியும்லாக்கா, நம்ம சின்னப்பிள்ளையில சண்ட போட்டா சுண்டுவெரலக் காட்டி கா விடுவோமே, பொறவு ராசியானா ரெண்டு வெரலச் சேத்து உதட்டுல வச்சு பழம் விடுவோமே, அதான். யோசிக்கவே இல்ல, "ஒங்க பக்கம்"னா. "அப்ப நீயும் டாக்டர் மாமாவோட கா. டாக்டர் மாமா மருந்த நீ முழுங்கக் கூடாது. துப்பிரணும்"னேன். "அம்மா குடிக்கச் சொன்னா?"ன்னு கேட்டா. அம்மாவ உள்ள கூப்பிட்டுக் கொஞ்ச வைப்பாவன்னு எனக்குத் தெரியும், அதனால, "அம்மா சொன்னாலும்தான், யாரு சொன்னாலும்தான், நான் வந்து பழம் சொன்னாத்தான் குடிக்கணும்"னேன். சுண்டுவெரலக் கோத்துக்கிட்டோம். எம்புட்டு சின்ன வெரலு தெரியுமா.

அன்னைக்கி நடந்தத நீங்க பாத்திருக்கணும். புது டை கட்டி, தலைக்கு மை பூசி வந்திருந்தாரு. லைட்டெல்லாம் போட்டாச்சு. வெள்ளக்காரி ஒருத்தி தலைய ஆட்டுதா. ஐஸ்கட்டிய நீட்டுதாரு, இசக்கி சமத்தா வாங்கிச் சப்புதா. மருந்த ஊத்துதாரு, வாயில வாங்கிக்கிட்டா. கன்னம் ரெண்டும் உப்பி இருக்கு. காமெராவுக்குப் பின்னால நிக்க என்னைய ஒரு பார்வ பாத்தா. நான் சும்மா நின்னேன். புளிச்சுனு துப்புனா பாருங்க, டை, கோட்டு, கண்ணாடி எல்லாம் ரோஸ் கலரு.

மறுபடி குடுத்தாரு, மறுபடி துப்புனா. செல்வமாரியக் கூப்பிட்டாவ, அவ கொஞ்சுதா, வையுதா, அடிக்கக் கைய ஓங்குதா, பிள்ள அசரல. அழுதா, ஆனா முழுங்கல. ஆவுடை முறையாம், ஆவுடை முறை. வெள்ளக்காரி காமெராவ அணைக்கச் சொல்லிட்டா. அந்த ஆளு மூஞ்சி சுண்டிப்போச்சு. எனக்கு அந்த நிமிசம் மேடையில ஏறி நின்ன மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் பிள்ள ஒரு தப்புப் பண்ணிட்டா, சின்னப்பிள்ளதான. என்னையப் பாத்து சுண்டுவெரலத் தூக்கிக் காட்டிட்டா. ஆவுடையப்பன் பாத்துட்டாரு. ரூமுக்குக் கூப்பிட்டு, "பிள்ளகிட்ட என்ன சொன்ன வயலட்?"னு கேட்டாரு. "ஒங்க முறதான சார், நீங்களே கண்டுபிடிங்க"ன்னேன். அடையாளக் கார்டக் கழட்டி மேசையில போட்டேன், ஆசுபத்திரி போனையும் போட்டேன், பிளாஸ்க்க மட்டும் எடுத்துக்கிட்டேன். என் பிளாஸ்க்கு. வெளிய வந்து ஆட்டோ ஏறிட்டேன்.

பிள்ளகிட்ட சொல்லிட்டுத்தான வந்திருக்கணும்ங்கிய. எப்படிக்கா சொல்ல முடியும், நான் கோவத்துல எந்திரிச்சு வந்தவ, திரும்ப உள்ள போயி நின்னா மரியாதையா இருக்குமா? ரெண்டு நாள்ல அந்த ஆளே தேடி வருவாரு, அப்பப் பாத்துக்கிடலாம்னு இருந்தேன்.

இப்ப ஒரு ஸ்கேன் சென்டர்ல டோக்கன் குடுக்கேன். அதுவும் சோலிதான். அங்கன உக்காந்திருக்கையில பழைய ஆசுபத்திரி நர்ஸ் பியூலா வந்து சொன்னா. இசக்கி மருந்தே குடிக்க மாட்டேங்காளாம். வீட்டுலயும் துப்புதாளாம், ஐஸ் மட்டும் சப்பிட்டு வாய மூடிக்கிடுதாளாம். சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய, எனக்கு பாயசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆவுடையப்பனே கார எடுத்துட்டு கல்லூரணிக்குப் போயி, பீடித்தூள் கெடக்க தரையில உக்காந்து, பிள்ளகிட்ட கைய எடுத்துக் கும்பிட்டாராம். "மாமா தப்புதான் தங்கம், ஒரு மடக்கு குடி"ன்னாராம். அவ சுண்டுவெரலக் காட்டுனாளாம். நல்லா வேணும். சபையில கைதட்டு வாங்குனவரு தரையில உக்காரட்டும்.

பொறவு எனக்குப் போன் வந்துச்சு, அவருதான். அந்தக் கொரலக் கேக்கணுமே. "வயலட், நீ பிள்ளகிட்ட என்ன சொன்னன்னு மட்டும் சொல்லு, இல்லன்னா நீயே வந்து ஒரு வார்த்த சொல்லு. பழைய மாத்திர அவளுக்குக் கேக்காதுன்னு ஒனக்கே தெரியும். இப்படியே போனா ட்ரையல விட்டு எடுக்கச் சொல்லுதான் கம்பெனிக்காரன்"னாரு. நான் அசரல. "மொதல்ல மேடையில சொல்லுங்க, அது யாரோட முறைன்னு. அத்தன பேரு முன்னாலயும் சொல்லுங்க. பொறவு வாறேன்"னேன். "மீட்டிங் அடுத்த மாசம்தான் வருது, சொல்லுதேன், சத்தியமாச் சொல்லுதேன், நீ மொதல்ல வா"ன்னாரு. மொதல்ல மேட, பொறவு பழம். அவரு வார்த்தைய எவ நம்புவா. ஒருக்கா ஏமாந்தவ நான்.

செல்வமாரியும் கூப்பிட்டா. அந்தப் பொம்பளைக்கி எந்நம்பர அவரு குடுத்திருக்காரு பாருங்க, எப்படிப்பட்ட ஆளு. அவ அழுதா. "மேடம், நீங்க சொன்னா கேப்பா மேடம், நேத்து ரெண்டுவாட்டி விழுந்துட்டா"ன்னா. எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு, நான் என்ன கல்லா? ஆனா நான் எறங்கிப் போனா அந்த ஆளு ஜெயிச்சுருவாரு. "டாக்டர்கிட்டக் கேளும்மா, எல்லாம் அவரு கையிலதான் இருக்கு"ன்னேன். நெசந்தான?

போன்லயே பழம் சொல்லியிருக்கலாமேங்கிய. எல்லாரும் அதத்தான் கேக்காவ, பியூலாவும் கேட்டா. போன்ல சொன்னா செல்லாதுக்கா. ரெண்டு வெரலச் சேத்து உதட்டுல வச்சு, மொகத்துக்கு நேரா காட்டணும். அதுதான் பழம். ஒங்களுக்குத் தெரியாததா.

கடசியில அவரு வழிக்கு வந்தாரு. கம்ப்யூட்டர்ல மீட்டிங், எல்லா நாட்டுக்காரனும் கட்டம் கட்டமா உக்காந்திருக்கான். என்னையும் அதுல சேத்து விட்டாரு. ஸ்கேன் சென்டர் மாடிப்படியில நின்னு நான் போன்ல பாக்கேன். ஆவுடையப்பன் சொன்னாரு, "இந்த முறையக் கண்டுபிடிச்சது வயலட். நான் இல்ல. சென்னையில நான் அவ பேரச் சொல்லாதது பெரிய தப்பு. இனிமே இது வயலட் முறைன்னே இருக்கட்டும்"னு. சொல்லும்போது கண்ணு செவந்து கலங்கிப் போச்சு அவருக்கு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. நான் மாடிப்படியில உக்காந்து அழுதேன்க்கா. எத்தன வருசம் அந்த ஆசுபத்திரிக்கு ஒழச்சேன். அன்னைக்குத்தான் எம்பேர எங்காதால கேட்டேன். மனுசன் மனசார வருந்திச் சொல்லுதாருன்னு நெனச்சு, போனாப் போகுதுன்னு மன்னிக்கக்கூட இருந்தேன்.

பொறவுதான பியூலா சொல்லுதா. அந்த மீட்டிங் நடக்கையில இசக்கி ஐசியூல இருந்திருக்கா. மொத நாளு வந்த வலிப்பு நிக்கவே இல்லயாம், ஊசி மேல ஊசி போட்டும் நிக்கலயாம். விடிய விடிய பக்கத்துல இருந்துட்டு வந்துதான் அவரு பேசியிருக்காரு. அப்ப அந்த அழுக எனக்காக இல்ல. பாத்தியளா. எம்பேரச் சொல்லும்போதுகூட அவருக்கு எம்மேல நெனப்பு இல்ல. அதுலயும் என்னைய ஏமாத்திட்டாரு.

பிள்ள பொழச்சுட்டாக்கா. பொழச்சுட்டா. இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாவ. முன்ன மாதிரி இல்லன்னு செல்வமாரி சொல்லுதா. நடக்கையில வலதுகால் இழுக்காம். பேச்சு கொளறுதாம், ஆளத் தெரியுதா தெரியலயான்னே சொல்ல முடியலயாம். சின்ன ஒடம்புல்லா, தேறிரும். ட்ரையல விட்டு எடுத்தாச்சு, ஆனா அந்த மருந்த தனியா அனுமதி வாங்கிக் குடுக்கலாம்னு ஆவுடையப்பன் அங்க இங்க ஓடி வாங்கிட்டாராம். அவ குடிக்கணுமே. இன்னும் வாயத் தொறக்க மாட்டேங்காளாம். ஆளே தெரியாத பிள்ளைக்கி அது மட்டும் மறக்கல பாருங்க. நான் சொன்னது மறக்கல. பெத்த தாய் சொல்லிக் கேக்கல, அவ்வளவு பெரிய டாக்டர் கும்பிட்டுக் கேக்கல. எவ்வளவு பாசம் இருந்தா ஒரு பிள்ள இப்படி நிக்கும், நீங்களே சொல்லுங்க.

அதான் இன்னைக்கு ஞாயித்துக்கெழம, லீவு கெடச்சுச்சு, போறேன். நான் ஜெயிச்சாச்சு. எம்பேரு வந்தாச்சு. இனிமே போயி பழம் சொல்ல எனக்கென்ன. பிள்ளைய அந்தக் கெதிக்கு ஆக்குன பாவம் அந்த ஆளுக்குத்தான். அன்னைக்கு மேடையில கையக் காட்டி எம்பேரச் சொல்லியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

ஏன்க்கா எந்திரிக்கிய? சங்கரன்கோயிலு இன்னும் எவ்வளவு தூரம் கெடக்கு, இப்பத்தான் தேவர்குளமே தாண்டுது. அந்தப் பக்கம் வெயிலடிக்கும். பையி இங்கன இருக்கு, இந்தாங்க. என்ன, நான் தப்பா ஏதும் சொல்லிட்டனா? இவ்வளவு நேரம் உம் கொட்டிக் கேட்டுக்கிட்டுத்தான வந்திய.

என்னக்கா, நீங்களும் கா-வா?

சரி, போங்க. கண்டக்டர், கல்லூரணி விலக்குல ஒரு ஆளு இருக்கு, நிப்பாட்டுங்க. இந்த பிளாஸ்க்க ஆட்டிப் பாத்தா சத்தமே இல்ல, எல்லாம் தண்ணியாப் போச்சு. விலக்குல பெட்டிக்கட இருக்கும், கேட்டுப் பாக்கேன்.

அக்கா, அங்க உக்காந்தே கேளுங்க, ஒண்ணே ஒண்ணு. காலையிலயிருந்து இதையேதான் நெனச்சுக்கிட்டு வாறேன், அதான் ஒங்ககிட்ட வளவளன்னு பேசிட்டேன். நான் போயி நின்னு ரெண்டு வெரல உதட்டுல வச்சுக் காட்டுவேன். அவ என்னையப் பாப்பா. பாத்துட்டு, யாருன்னே தெரியாம, எனக்கும் அந்தச் சுண்டுவெரலக் காட்டிட்டான்னா?

அப்ப அவளுக்கு யாருக்கா வந்து பழம் சொல்லுவா?